கோச் மாறின அணியிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

எங்கள் வீட்டில் கோச் என்றால் ரயில் பெட்டி. அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஷெல் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வெல்டிங் பார்த்தவர். 2022 நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, "அப்பா, புது கோச் வந்தாச்சு" என்று நான் கூடத்துக்கு ஓடி வந்தபோது, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "ஏசியா, ஸ்லீப்பரா?"

நான் சொன்னது அமெரிக்காவில் நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்கு வந்த புதிய பயிற்சியாளர் மேட் ரூலை. அமெரிக்க ஃபுட்பால். பெயரில்தான் கால் இருக்கிறது, பந்து பெரும்பாலும் கையில்தான். 2010 ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க லிங்கன் நகருக்குப் போனேன். 2012 மே மாதம் பட்டத்தோடு இந்த அணியையும் தலையில் கட்டிக்கொண்டு வில்லிவாக்கம் திரும்பினேன். பட்டம் சோறு போடுகிறது. அணி தூக்கத்தைக் கெடுக்கிறது.

என்னை மாதிரி சென்னையில் நிறைய பேர் இருக்கிறீர்கள் என்று தெரியும். தான் படித்த இடத்து அணி, இல்லாவிட்டால் மகனோ மருமகளோ படிக்கிற இடத்து அணி. நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் அங்கே கோச்சுகள் கொத்துக் கொத்தாக மாறுவார்கள். வருடக்கணக்கில் தோற்ற அணிக்குப் புதியவர் வந்ததும் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி வந்துவிடும்: இனிமேல் ஜெயிப்போமா? எவ்வளவு எதிர்பார்க்கலாம், எப்போது எதிர்பார்க்கலாம், எதைப் பார்த்து முடிவு செய்யலாம் என்பதற்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று, பேனா ஒன்று, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மணி நேரம். வேறு எதுவும் வேண்டாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: பக்கத்துக்குப் பதினொரு பேர். பத்து யார்டு முன்னேற நாலு வாய்ப்பு. கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி, கூடவே ஒன்றோ இரண்டோ எடுக்கலாம். கம்பத்துக்கு நடுவே உதைத்தால் 3. ஆக, 8 புள்ளிக்குள் தோற்றால் அது ஒரே அடியில் மாறியிருக்கக்கூடிய ஆட்டம். சீசனுக்கு 12 ஆட்டம், நன்றாக ஆடுகிற அணிக்குக் கடைசியில் பட்ட ஆட்டங்களும் சேரும். ஆறு ஜெயித்தால் கடைசியில் பௌல் என்று ஒரு ஊக்க ஆட்டத்துக்கு அழைப்பார்கள். 5-7 என்று எழுதினால் ஐந்து வெற்றி, ஏழு தோல்வி.

முதலில் என் தப்பு

2017 டிசம்பரில் ஸ்காட் ஃப்ராஸ்ட் எங்கள் கோச்சாக வந்தார். மண்ணின் மைந்தர். 1997ல் நெப்ராஸ்கா தேசியப் பட்டம் வாங்கியபோது குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தைக் கையில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவராக, ஆடியவர். 2015ல் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியை இரண்டே வருடத்தில் 13-0 ஆக்கியவர். இதைவிட என்ன வேண்டும்? நான் எங்கள் பழைய ரூம்மேட் குழுவில், "மூணு வருஷத்துல கோப்பை, எழுதி வெச்சுக்கோங்க" என்று போட்டேன். எழுதி வைத்துக்கொண்டார்கள். ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்து வைத்திருந்தார்கள்.

அவருடைய முதல் ஆட்டம் 2018 செப்டம்பரில். நமக்கு விடியற்காலை. அலாரம் வைத்து எழுந்து காபியோடு உட்கார்ந்தால், இடி மின்னல் வந்து ஆட்டமே ரத்து. "சகுனம் சரியில்லடி" என்றாள் அம்மா. அந்த வருடம் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி. முடிவில் 4-8. அப்புறம் 5-7, கொரோனாவால் சுருங்கிய சீசனில் 3-5, பிறகு 3-9. 2021ல் தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூட வித்தியாசம் 9 புள்ளியைத் தாண்டவில்லை. 2022ல் டப்ளின் நகரில் 28-17 என்று முன்னிலையில் இருக்கும்போது, பந்தைக் குட்டையாக உதைத்துத் தானே திரும்பப் பிடிக்கிற ஆன்சைட் கிக் முயற்சி. அது கைகூடவில்லை, ஆட்டம் 31-28 என்று போனது. இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்னிடம் 45-42. மறுநாள் வேலை போனது. மொத்தக் கணக்கு 16-31. 8 புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 5-22.

இதில் அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் எதிர்பார்ப்பு எதன் மேல் நின்றது என்று பிறகு யோசித்தேன். அணியில் யார் இருக்கிறார்கள், முன்வரிசைப் பையன்களின் எடை என்ன, எத்தனை பேர் நாலாம் வருடம் என்று எதுவுமே நான் பார்க்கவில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கைக் கதையைப் பார்த்தேன். ஊர்ப்பிள்ளை திரும்பி வருகிறான், குலதெய்வம் கண் திறக்கும் என்கிற மாதிரி.

பழம்பெருமையும் சேர்ந்துகொண்டது. ஐந்து தேசியப் பட்டங்கள்: 1970, 1971, 1994, 1995, 1997. பழைய கோச் டாம் ஆஸ்போர்ன் 25 வருடத்தில் 255 வெற்றி. 1962லிருந்து மைதானத்தில் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் டிக்கெட் தீர்ந்துவிடும் ஊர். நான் அங்கே இருந்தபோது கோச் போ பெலினி, வருடத்துக்கு ஒன்பது அல்லது பத்து வெற்றி. கடையில் வரிசையில் நிற்கிற பாட்டிகூட "ஒன்பது போதாது" என்பார். 2014ல் 9-3 என்று முடித்த அவரை அனுப்பினார்கள். அதற்கு முன் 2003ல் ஃப்ராங்க் சோலிச்சையும் அதே 9-3ல்தான் அனுப்பியிருந்தார்கள். 2016க்குப் பிறகு ஒன்பது வெற்றியை அந்த ஊர் கண்ணால் பார்க்கவில்லை. எனவே நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதி வைத்திருப்பது: இப்போது ஆடுகிற பையன் ஒருவன்கூட 1997ல் பிறந்திருக்கவில்லை.

ஷெல்லை எண்ணுங்கள்

இந்த முறையில் பாதி அப்பாவுடையது. 2023 ஆகஸ்டில் நான் நோட்டைத் திறந்து, யார் குவார்ட்டர்பேக், யார் வேகமாக ஓடுகிறவன் என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஃபர்னிஷிங்" என்றார். ஐ.சி.எஃப்.பில் இரண்டு பெரிய பிரிவு. ஷெல்லில் பெட்டியின் எலும்புக்கூட்டை அடித்து, வெல்டு வைத்து நிறுத்துவார்கள். அதற்கப்புறம்தான் ஃபர்னிஷிங். இருக்கை, விளக்கு, விசிறி எல்லாம் அங்கே. "ஷெல் கோணலா இருந்தா அது மேல எந்த சீட்டைப் போட்டாலும் ஆடும்மா" என்றார். ஆட்டத்தின் விதிகூட சரியாகத் தெரியாத மனிதர்.

ஃபுட்பாலில் ஷெல் என்பது இரண்டு பக்கத்து முன்வரிசை. பந்து நம்மிடம் இருக்கும்போது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கிற ஐந்து பேர். பந்து எதிராளியிடம் இருக்கும்போது அந்தச் சுவரை இடிக்கப் போகிற நாலைந்து பேர். 130, 140 கிலோ ஆட்கள். டிவி கேமரா இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. பள்ளிக்கூடம் முடித்து வருகிற பதினெட்டு வயதுப் பையன் இந்த எடைக்கும் பலத்துக்கும் வர இரண்டு மூன்று வருடம் ஜிம்மில் கிடக்க வேண்டும். பந்தைப் பிடிக்கிறவன் முதல் வருடமே மின்னலாம். சுவரில் நிற்கிறவனுக்கு அந்த அவசரம் ஆகாது.

ஆகையால் புதிய கோச் வந்ததும் அணியின் ஆட்கள் பட்டியலை எடுங்கள். பல்கலைக்கழகத் தளத்தில் பெயர், எடை, எத்தனையாம் வருடம் என்று எல்லாம் இருக்கும். முன்வரிசை ஆட்களை மட்டும் தனியாக எழுதுங்கள். அதில் எத்தனை பேர் மூன்றாம் வருடத்தைத் தாண்டியவர்கள், எத்தனை பேர் போன சீசனில் நிஜமாக ஆடியவர்கள் என்று எண்ணுங்கள். வருடத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனம்: ஐந்து வருடத்துக்குள் நாலு சீசன் ஆடலாம் என்பதுதான் நெடுநாள் விதி. அதனால் 'இரண்டாம் வருடம்' என்று போட்டிருப்பவன் மூன்று வருடமாக வளாகத்தில் இருப்பவனாக இருக்கலாம்.

என் கணக்கு இது: முன்வரிசையில் பாதிக்கு மேல் புதிய ஆள் என்றால், அந்த வருட எதிர்பார்ப்பிலிருந்து இரண்டு வெற்றியைக் கழித்துவிடுவேன். கோச் யாராக இருந்தாலும் சரி. இதற்கு விஞ்ஞானம் எதுவும் கிடையாது, வில்லிவாக்கம் அனுபவம்தான்.

பழைய கணக்கு எதற்கு உதவும்

அடுத்து, வந்திருப்பவர் முன்பு இருந்த இடங்களில் என்ன நடந்தது என்று வருட வாரியாக எழுதுங்கள். மொத்த வெற்றி தோல்வி வேண்டாம், அதில் ஒன்றும் தெரியாது. மேட் ரூல் எங்களிடம் எட்டு வருடத்துக்கு 7 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தத்தில் வந்தார். அவர் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் 2-10, 6-6, 10-4. பேய்லரில் 1-11, 7-6, 11-3. இரண்டு இடத்திலும் முதல் வருடம் அடிவாங்கி, இரண்டாம் வருடம் எழுந்து உட்கார்ந்து, மூன்றாம் வருடம் ஓடியிருக்கிறார். இதைப் பார்த்ததும் லிங்கனில் இருந்து வில்லிவாக்கம் வரை எல்லாரும் 2025 என்று வட்டம் போட்டுவிட்டோம்.

இன்னும் பழைய உதாரணங்களும் ஆறுதல் தரும். பில் ஸ்னைடர் 1989ல் கான்சாஸ் ஸ்டேட்டை எடுத்தபோது அந்த அணி இரண்டு சீசனுக்கு மேல் ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. அவருக்கு முதல் வருடம் 1-10, பிறகு 5-6, பிறகு 7-4. நிக் சேபன் அலபாமாவில் 2007ல் 7-6. அதில் லூசியானா மன்ரோ என்கிற சின்ன அணியிடம் சொந்த ஊரில் தோற்றதும் ஒன்று. மறு வருடம் 12-2, அதற்கு மறு வருடம் 14-0. முதல் வருடக் கணக்கை வைத்து யாரையும் கழித்துக் கட்டாதீர்கள் என்பதற்கு இவை போதும்.

அதற்கு மேல் இந்தக் கணக்குகளை நம்ப வேண்டாம், ஏனென்றால் நடுவில் விதியே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு பையன் பல்கலைக்கழகம் மாறினால் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும். 2018ல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பதிவேடு வந்தது. 2021ல் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றார்கள். இப்போது எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம். 2021 ஜூலையிலிருந்து மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தருகிறது. நமக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், வருடா வருடம் மெகா ஏலம். சி.எஸ்.கே. 2020ல் ஏழாம் இடம், 2021ல் கோப்பை. 2022ல் ஒன்பதாம் இடம், 2023ல் கோப்பை. அப்படிப்பட்ட திருப்பம் இப்போது கல்லூரி ஃபுட்பாலிலும் நடக்கிறது.

நடந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். 2024 அக்டோபர் 19, ராத்திரி 9:30 மணி ஆட்டம். நாங்கள் 5-1 என்று நிமிர்ந்து போய் இந்தியானாவோடு மோதினோம். இந்தியானா என்றால் காலம் காலமாகத் தோல்விக்குப் பேர் போன அணி. 2023ல் 3-9. கர்ட் சிக்னெட்டி என்ற அறுபதைத் தாண்டிய மனிதர் அங்கே அப்போதுதான் வந்திருந்தார், அது அவருக்கு ஏழாவது ஆட்டம். எங்களுக்கு ரூல் வந்து இரண்டாம் வருடம். ஸ்கோர் 56-7. அவர்கள் 56. பாதியிலேயே அப்பா தூங்கப் போய்விட்டார். நான் கடைசி வரை பார்த்தேன், எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. இந்தியானா அந்த வருடம் 11-2. அடுத்த வருடம் 16-0, தேசியப் பட்டம்.

அவர்களால் முடிகிறது, நம்மால் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வி வராமல் இருக்காது. வந்தால், அந்த வேகம் எதனால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடத்தில் 52-9 என்று ஜெயித்தவர். அங்கே தன் கையால் பழக்கிய பத்துக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களையும் உதவிப் பயிற்சியாளர்களையும் கூடவே கூட்டி வந்தார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நம்ம ஐ.சி.எஃப்.ல ட்ரெயின் 18, அதான் இப்போ வந்தே பாரத், பதினெட்டு மாசத்துல வெளிய வரலையா? வேலை தெரிஞ்ச ஆளு கையில இருந்தா வரும்" என்றார். வெறுங்கையோடு வருகிற கோச்சும், பழகிய ஆட்களோடு வருகிற கோச்சும் ஒன்றில்லை. உங்களுடையவர் எந்த வகை என்று முதல் டிசம்பரிலேயே தெரிந்துவிடும். நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இதே போர்ட்டல் வழியாக உங்கள் ஆட்களும் போவார்கள் என்பது இன்னொரு பக்கம். ஒரு நல்ல பையனை இரண்டு வருடம் வளர்த்து, மூன்றாம் வருடம் வேறு ஊர் சட்டையில் பார்க்கிற கொடுமைக்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

நாலு வரி எழுதுங்கள்

இதுதான் முக்கியம். முதல் ஆட்டத்துக்கு முன்னால், தேதி போட்டு, நாலே நாலு வரி. ஆட்டம் தொடங்கியபின் எழுதினால் அது எதிர்பார்ப்பு ஆகாது, சாக்கு. நான் ஃப்ராஸ்ட் காலத்தில் மனசுக்குள்ளேயே வைத்திருந்ததால்தான் ஒவ்வொரு நவம்பரிலும், "நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஒரே ஒரு வரிதான் வெற்றி எண்ணிக்கையைப் பற்றி இருக்கலாம், அதுவும் '5லிருந்து 7' என்று இடைவெளி விட்டு. மற்ற மூன்றும் எப்படி ஆடுகிறார்கள் என்பதைப் பற்றி இருக்க வேண்டும். நான் பார்க்கிறவை இவை. பந்தைக் கைநழுவ விடுகிறார்களா? பந்து நகர்வதற்கு முன்பே ஆடி அசைந்து தண்டனை வாங்குகிறார்களா? இது முழுக்கப் பயிற்சி சம்பந்தப்பட்டது, திறமைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. கடைசி கால் பகுதியில் யார் மூச்சு வாங்குகிறார்கள், நாமா அவர்களா? மூன்றாவது வாய்ப்பில் ஒரே ஒரு யார்டு வேண்டும் என்கிறபோது நேராக இடித்துக்கொண்டு போக முடிகிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் 'முடிகிறது' என்றால் ஷெல் நிற்கிறது என்று அர்த்தம்.

2023 பக்கத்தில் நான் எழுதியிருந்தது: 5லிருந்து 6 வெற்றி; பந்தை இழப்பது குறைய வேண்டும்; எதிரணி சுலபமாக ஓடக்கூடாது; 8 புள்ளிக்குள் முடிகிற ஆட்டத்தில் பாதியாவது ஜெயிக்க வேண்டும். நடந்தது 5-7. எதிரணியை ஓடவிடாமல் நன்றாகவே தடுத்தார்கள், அதற்கு ஒரு டிக். பந்தை இழந்தது 31 முறை, அதற்குப் பெரிய பெருக்கல் குறி. 5-3 என்று இருந்து கடைசி நாலு ஆட்டமும் தோல்வி: 20-17, 13-10, 24-17, மறுபடி 13-10. ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் பௌல். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. ஆனால் நோட்டைப் பார்த்தால் வெற்றி எண்ணிக்கை நான் எழுதிய அளவுக்குள்தான் இருந்தது. ஆக, கோபப்படுவதற்கான உரிமையை ஆகஸ்டிலேயே நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நெருக்கத்தில் தோற்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு சீசனில் நாலு ஆட்டம் 3 புள்ளியில் போனால் அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுதலாம். நாலரை வருடத்தில் 22 ஆட்டம் அப்படிப் போனால் எழுத முடியாது. இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டால், நான் இரண்டாம் சீசன் முடிவில் போடுகிறேன்.

2024 பக்கத்தில் முதல் வரி: ஆறு வெற்றி, பௌல். அந்த ஆறாவது வெற்றி வர நவம்பர் 23 வரை ஆனது. 5-1 என்று இருந்து நாலு தொடர் தோல்வி, அப்புறம் விஸ்கான்சினை 44-25. 2016க்குப் பிறகு முதல் பௌல். நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்து 7-6. நான் அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, அம்மாவை எழுப்பித் திட்டு வாங்கினேன்.

2025, எல்லாரும் வட்டம் போட்டு வைத்த மூன்றாம் வருடம். மறுபடி 7-6. நவம்பர் முதல் தேதி குவார்ட்டர்பேக்குக்குக் கால் எலும்பு முறிந்தது, பிறகு அவன் வேறு பல்கலைக்கழகம் போய்விட்டான். டெம்பிளிலும் பேய்லரிலும் நடந்தது லிங்கனில் நடக்கவில்லை. பழைய கணக்கை அளவுக்கு மேல் நம்ப வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

ராத்திரி ஆட்டமும் மறுநாள் வாயும்

லிங்கனில் காலை 11 மணி ஆட்டம் நமக்கு சனிக்கிழமை இரவு 9:30. மதியம் 2:30 என்றால் நள்ளிரவு 1 மணி. மாலை 6:30 என்றால் ஞாயிறு விடியற்காலை 5. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதால் அதன்பின் எல்லாவற்றோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். 1 மணி ஆட்டம்தான் ஆளைக் கொல்லும். முன்னாலும் தூங்க முடியாது, பின்னாலும் தூங்க முடியாது. மறுகட்டமைப்பு வருடங்களில் அந்த ஆட்டத்தைக் காலையில் பார்க்கலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் போனைத் தொடாமல் பார்க்க வேண்டும்.

தோற்ற ராத்திரி எதையும் எழுதாதீர்கள். குறிப்பாக, "இவரைத் தூக்குங்கள்" என்று எழுதாதீர்கள். தூக்குவது நாம் நினைக்கிற மாதிரி இலவசம் கிடையாது. ஃப்ராஸ்டை அனுப்ப ஒன்றரைக் கோடி டாலர் தர வேண்டியிருந்தது. இன்னும் மூன்று வாரம் பொறுத்து அக்டோபர் வரை காத்திருந்தால் அது பாதியாகியிருக்கும். காத்திருக்கவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது கணக்கு ஏழரைக் கோடி டாலரைத் தாண்டியது. கோச்சைத் துரத்தினால் கூடவே ஆட்டக்காரர்களும் போர்ட்டலுக்குப் போவார்கள், ஷெல்லை மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

ஆட்டக்காரப் பையனின் இன்ஸ்டாகிராம் பக்கம் போய் வாய்க்கு வந்ததை எழுதுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பத்தொன்பது வயசு. லிங்கனில் எனக்குப் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்து எதிரணி உள்ளே போகும்போது, ஜெயித்தாலும் தோற்றாலும் எழுந்து கை தட்டுவார்கள். 2010ல் முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் 1999 ஜனவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். சச்சின் 136 அடித்தும் 12 ரன்னில் தோற்று, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது எழுந்து நின்று கை தட்டிய கூட்டத்தில் ஒருவர். "ஓ, அங்கயும் நம்ம ஆளுங்கதானா" என்றார்.

எப்போது கைவிடுவது

அதையும் முன்கூட்டியே தேதி போட்டு எழுதிவிட வேண்டும். போர்ட்டலுக்கு முன்பு நான் ஐந்து வருடம் என்று சொல்லியிருப்பேன். இப்போது நாலு. நாலாம் சீசன் முடிவில் நோட்டைத் திறந்து, 'எப்படி ஆடுகிறார்கள்' வரிகளில் டிக் எத்தனை, பெருக்கல் எத்தனை என்று எண்ணுங்கள். வெற்றி குறைவாக இருந்து டிக் அதிகம் இருந்தால் இன்னும் ஒரு வருடம் தரலாம். வெற்றி ஏழு எட்டு இருந்தும் டிக் விழவில்லை என்றால்தான் எனக்குக் கவலை வரும். அட்டவணை சுலபமாக அமைந்து தப்பித்திருக்கிறோம் என்று பொருள்.

எங்களுக்கு அந்த நாலாம் சீசன் இந்த 2026தான். ஆகஸ்ட் பக்கத்தில் தேதி போட்டு நாலு வரியும் எழுதியாகிவிட்டது. வெற்றி வரியில் நான் '6லிருந்து 8' என்று போட்டேன். அப்பா பேனாவைப் பிடுங்கி, பக்கத்தில் '9' என்று எழுதிவிட்டார். இடைவெளி விட்டு எழுத வேண்டும் என்றால் கேட்கவில்லை. பந்தயம் என்னவென்றால், யார் கணக்கு பொய்க்கிறதோ அவர் டிசம்பர் முழுக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டும். டிசம்பரில் விடியற்கால ஆட்டம் இருக்காது, அதனால் தூக்கத்தைக் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாது என்று அம்மா இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.